ஊசியை ஒளிக்காதீர்கள், கையிலேயே வையுங்கள்

விடுமுறைக் காலம் நெருங்கினாலே எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பகுதி விமானப் பயணத்தைப் பற்றித்தான் இருக்கும். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களுக்கு ஊசி போடும் முறையைச் சொல்லித்தருவது என் வேலை. சிறு வயதிலிருந்து நானும் இன்சுலினோடு வாழ்கிறவள். விமான நிலையச் சோதனையை நினைத்து மக்கள் எவ்வளவு பயப்படுகிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பயத்தில் சிலர் ஊசியைத் துணிமணிக்கு நடுவே மறைத்துப் பெரிய பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். சிலர் பயண நாளில் மருந்தையே விட்டுவிடுகிறார்கள். சோதனைச் சாவடியைவிட இந்த இரண்டும்தான் எனக்குக் கவலை. அதனால் இந்த முறை முழுக்கப் பயணக் கேள்விகளுக்கே இடம் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: முதல்முறையாக விமானத்தில் போகப்போகிறேன். காலையும் இரவும் இன்சுலின் போடுகிறேன். கைப்பையில் ஊசி இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள், பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அப்படியே செய்துவிடவா? – மகளைப் பார்க்கக் கிளம்பும் ஒரு தாய்

பதில்: வேண்டாம் அம்மா. இன்சுலினையும் ஊசியையும் பெரிய பெட்டியில் போடவே போடாதீர்கள். இரண்டு காரணம். ஒன்று, பெட்டி உங்களோடு வந்து சேரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நீங்கள் ஓர் ஊரில் இறங்க, பெட்டி இன்னோர் ஊரில் இறங்குவது நடக்கிற விஷயம்தான். துணி இல்லாமல் இரண்டு நாள் சமாளிக்கலாம், இன்சுலின் இல்லாமல் முடியாது. இரண்டாவது காரணம் குளிர். விமானத்தின் அடிப்பகுதியில் சாமான் வைக்கும் இடத்தில் வெப்பநிலை எவ்வளவு இறங்கும் என்பது விமானத்துக்கு விமானம் மாறும். இன்சுலின் ஒருமுறை உறைந்துவிட்டால் அதன் வேலை கெட்டுவிடும். உருகிய பிறகு பார்ப்பதற்குப் பழையபடியே தெரியலாம். அதை நம்பி ஊசி போட்டுக்கொண்டு, சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று தவிக்க வேண்டியிருக்கும். உறைந்த இன்சுலினைத் தூக்கிப் போட வேண்டியதுதான், வேறு வழியில்லை.

அடுத்து, பிடுங்கிக்கொள்வார்களா என்ற பயம். கத்தி, கத்தரிக்கோல் பட்டியலோடு ஊசியையும் சேர்த்து நினைப்பதால் வருகிற பயம் இது. மருந்தோடு சேர்ந்து வரும் ஊசிக்குத் தனி இடம் இருக்கிறது. உதாரணமாக அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், பயன்படுத்தாத சிரிஞ்சை ஊசி மருந்தோடு சேர்த்துக் கொண்டுவந்தால் கைப்பையில் அனுமதிக்கிறது. சோதனை அதிகாரியிடம் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் கேட்கிறது. பிரிட்டனிலும் ஐரோப்பிய நாடுகளிலும் பயணத்துக்குத் தேவையான மருந்துகளைக் கையில் எடுத்துப்போகலாம், ஆனால் அது மருந்துதான் என்பதற்கு அத்தாட்சி கேட்கக்கூடும். வார்த்தைகள் நாட்டுக்கு நாடு மாறலாம். கிளம்பும் நாடு, நடுவில் மாறி ஏறும் நாடு, இறங்கும் நாடு, மூன்றின் விதியையும் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் இறங்கும் ஊரில் மறுபடியும் சோதனை உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, ஊசியும் மருந்தும் ஒரே பையில் இருக்க வேண்டும் என்பது. வெறும் ஊசிகள் மட்டும் தனியாக ஒரு பையில் கிடந்தால் யாருக்கும் கேள்வி எழும். அதே ஊசி, உங்கள் பெயர் ஒட்டிய இன்சுலின் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தால் கதை வேறு. அதனால் மருந்துக் கடையில் கொடுத்த அட்டைப் பெட்டியைக் கிளம்பும் முன் வீசிவிடாதீர்கள். இடத்தை அடைக்கிறது என்று தோன்றும், பரவாயில்லை. இன்சுலின் பேனாவில் (பேனா வடிவில் இருக்கும் ஊசி போடும் கருவி) மாட்டும் ஊசிகளையும் சீல் பிரிக்காமல் அவற்றின் பெட்டியிலேயே வையுங்கள்.

எவ்வளவு எடுத்துப்போவது? தங்கும் நாட்களுக்குக் கணக்குப் போட்டு, அதைப்போல் இரண்டு மடங்கு. பேனா, ஊசி, சர்க்கரை பார்க்கும் கருவி, அதன் பட்டைகள், விரலில் குத்தும் லான்செட், மாற்று பேட்டரி எல்லாமே அப்படித்தான். உடன் ஒருவர் வந்தால் பாதியை அவருடைய கைப்பையில் வையுங்கள். ஒரு பை காணாமல் போனாலும் இன்னொன்று இருக்கும். இன்னொரு விஷயம்: கைப்பையைத் தலைக்கு மேல் உள்ள அலமாரியில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். இருக்கை பெல்ட் விளக்கு எரியும்போது எழுந்து எடுக்க முடியாது. மருந்தும் சர்க்கரையும் உள்ள சின்னப் பை முன் இருக்கைக்கு அடியில், கால் பக்கம் இருக்கட்டும்.

கேள்வி: போன பயணத்தில் ஒரு விமான நிலையத்தில் என் பேனா ஊசிகளை எடுத்துத் தனியே வைத்துவிட்டார்கள். பின்னால் வரிசை நீண்டது, என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அடுத்த முறை இப்படி நடந்தால் என்ன செய்வது? – வேலை நிமித்தம் அடிக்கடி பறக்கும் வாசகர்

பதில்: ட்ரே இயந்திரத்துக்குள் போவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அவர்களாகக் கண்டுபிடித்துக் கேட்பதற்கும், நீங்களாக முன்வந்து சொல்வதற்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கிறது. பைக்குள் ஓர் ஊசியைத் திரையில் பார்த்தவருக்கு அது சந்தேகம். காதில் முதலிலேயே விழுந்துவிட்டால் அது வெறும் தகவல். “எனக்குச் சர்க்கரை நோய், இன்சுலினும் ஊசியும் இந்தப் பையில் இருக்கின்றன, டாக்டர் கடிதம் இதோ” என்றால் போதும். நீளமாக விளக்க வேண்டாம். மருந்துப் பையை ஒளி ஊடுருவும் ஜிப் பையில் தனியாக வைத்து, ட்ரேயிலும் தனியாக வையுங்கள். திறந்து தேட வேண்டிய வேலையே அவர்களுக்கு இருக்காது.

அப்படியும் ஒருவர் எடுத்து வைத்துவிட்டால், “உங்கள் மேலதிகாரியிடம் பேச வேண்டும்” என்று பணிவாகக் கேளுங்கள். குரலை உயர்த்தாதீர்கள், அதற்காக நகர்ந்தும் போய்விடாதீர்கள். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுக்கத்தான் செய்வார்கள். உங்கள் உடம்புக்கு அந்த ஊசி இல்லாமல் முடியாது என்பது அவர்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். தள்ளி நின்று கேட்கலாம், ஆனால் பொருளை விட்டுவிட்டுப் போகாதீர்கள். மேலதிகாரிக்கு மருந்து விதிகள் பெரும்பாலும் பழக்கமாக இருக்கும்.

டாக்டர் கடிதம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், அதில் என்ன இருக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர். நோயின் பெயர். இன்சுலின், சிரிஞ்ச் அல்லது பேனா ஊசி, லான்செட், கருவி, பம்ப் (உடம்பில் மாட்டியபடியே இன்சுலினைச் செலுத்தும் கருவி) என்று ஒவ்வொரு பொருளும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்க வேண்டும். இவை பயணம் முழுவதும் நோயாளியின் கையில் இருக்க வேண்டும் என்று ஒரு வரி. சர்க்கரை தாழ்ந்தால் குடிக்கப் பழச்சாறோ ஜெல்லோ தேவை என்று இன்னொரு வரி. மருந்தின் மூலப்பெயரும் வேண்டும், ஏனென்றால் கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். கீழே டாக்டரின் கையெழுத்து, முத்திரை, தொலைபேசி எண், சமீபத்திய தேதி. பல வருடம் முந்தைய கடிதத்தை நீட்டாதீர்கள். மருந்துச் சீட்டின் நகலையும் சேர்த்து, ஒன்று பையிலும் ஒன்று போனில் படமாகவும் இருக்கட்டும். எல்லா நாட்டிலும் கடிதம் கட்டாயமில்லை. ஆனால் மொழி தெரியாத ஊரில் நமக்காகப் பேசுவது அந்தத் தாள்தான்.

இன்சுலின் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போனால் கெட்டுவிடுமா என்றும் பலர் கேட்கிறார்கள். பயணச் சோதனை இயந்திரத்தில் ஓரிரு முறை போய்வருவதால் இன்சுலின் கெடுவதில்லை. பேனாவும் ஊசியும் அதில் தாராளமாகப் போகலாம். பம்பும், உடம்பில் ஒட்டிச் சர்க்கரை அளவைக் காட்டும் சென்சாரும் வேறு கதை, கீழே வருகிறேன்.

கேள்வி: 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்கிறார்களே, ஐஸ் பேக், பழச்சாறு எல்லாம் எப்படிக் கொண்டுபோவது?

பதில்: அந்த விதிக்கு ஒரு பின்னணி உண்டு. 2006 ஆகஸ்டில், பிரிட்டனிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து போகும் விமானங்களைத் திரவ வெடிபொருள் வைத்துத் தகர்க்க நடந்த சதியைப் போலீஸார் முறியடித்தார்கள். அதற்குப் பிறகுதான் கையில் கொண்டுபோகும் திரவத்துக்கு 100 மில்லி எல்லை பல நாடுகளில் வந்தது. அப்போதே மருந்துக்கும் குழந்தை உணவுக்கும் விலக்கு வைத்துத்தான் விதி எழுதினார்கள். இன்சுலின் குப்பி 10 மில்லி, பேனா 3 மில்லி. அளவு ஒரு பிரச்சினையே இல்லை. தாழ்சர்க்கரைக்கான பழச்சாறும், இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்கும் ஜெல் பேக்கும் மருத்துவத் தேவை என்ற கணக்கில் வரும். ஆனால் சொல்ல வேண்டும், கடிதத்தில் இருக்க வேண்டும். வீண் பேச்சே வேண்டாம் என்றால் சாற்றுக்குப் பதில் குளுக்கோஸ் மாத்திரை எடுத்துப்போங்கள். அது திரவமே இல்லை, கசியாது, அளவும் துல்லியம்.

ஐஸ் பேக் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. சின்னப் பயணத்துக்கு அது பெரும்பாலும் தேவையே இல்லை. பயன்பாட்டில் உள்ள இன்சுலின் 30 டிகிரிக்குக் கீழே சுமார் 4 வாரம் தாங்கும். உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்று பெட்டிக்குள் இருக்கும் தாளில் எழுதியிருக்கும். விமானத்துக்குள் வெயில் கிடையாது. வெயிலில் நிற்கும் காரும், ஜன்னலோரமும்தான் எதிரி. உறைந்த பேக்கை இன்சுலின் மேல் நேராக வைத்தால் மருந்து உறைந்தே போகலாம். நடுவில் ஒரு துணி கட்டாயம். தண்ணீரில் நனைத்தால் ஊறி, ஆவியாகிக் குளிர்ச்சி தரும் துணிப்பைகள் கிடைக்கின்றன. அவற்றுக்கு ஃப்ரீஸர் வேண்டாம். நீண்ட பயணத்துக்கு நான் அதையே சிபாரிசு செய்வேன்.

விமானப் பணியாளரிடம் கொடுத்து ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லாதீர்கள். அங்கே உலர் பனிக்கட்டிக்குப் பக்கத்தில் போய் உறையலாம், இறங்கும் அவசரத்தில் நீங்களே வாங்க மறக்கலாம்.

கேள்வி: என் பன்னிரண்டு வயது மகனுக்கு இன்சுலின் பம்பும், கையில் ஒட்டிய குளுக்கோஸ் சென்சாரும் இருக்கின்றன. ஸ்கேனருக்குள் அனுப்பலாமா? விமானத்தில் போனை ஏரோபிளேன் மோடில் போட்டால் சென்சார் வேலை செய்யுமா? – ஒரு தந்தை

பதில்: முதல் கேள்விக்குப் பொதுவாக ஒரே பதில் சொல்ல முடியாது. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர், மாடலுக்கு மாடல் மாறுகிறது. சில பம்புகளை எக்ஸ்ரே இயந்திரத்திலோ முழு உடல் ஸ்கேனரிலோ காட்டக்கூடாது என்று கையேட்டிலேயே எழுதியிருக்கும். சில புதிய சென்சார்களுக்கு அந்தத் தடை இல்லை. உங்கள் கருவியின் கையேட்டில் விமானப் பயணம் என்ற பகுதியைப் படித்துவிட்டு, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். சந்தேகமாக இருந்தால் ஸ்கேனருக்குப் பதில் கையால் தடவிச் சோதிக்கும்படி கேளுங்கள். “பையன் உடம்பில் மருத்துவக் கருவி ஒட்டியிருக்கிறது, கழற்ற முடியாது” என்று நீங்கள் முன்னால் நின்று சொல்ல வேண்டும். தனி அறை கேட்டால் கொடுப்பார்கள். பெற்றோர் பக்கத்தில் இருக்கலாமா என்றும் கேளுங்கள். பையனிடம் வீட்டிலேயே சொல்லி வையுங்கள். பத்துப் பேர் பார்க்கச் சட்டையைத் தூக்கச் சொன்னால் அந்த வயதில் எவ்வளவு கூசும் என்று எனக்குத் தெரியும்.

போன் விஷயம் எளிது. ஏரோபிளேன் மோடைப் போட்ட பிறகு புளூடூத்தை மட்டும் மறுபடி ஆன் செய்யுங்கள். சென்சாரின் எண் போனுக்கு வந்துகொண்டிருக்கும். நீங்கள் வீட்டில் இருந்தபடி வேறு போனில் பார்ப்பதற்குத்தான் இணையம் வேண்டும். எச்சரிக்கை மணி கேட்கும்படி போன் ஒலியைத் திறந்து வையுங்கள், ஹெட்போனில் படம் பார்த்துக்கொண்டு விட்டுவிடுவான். பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், பெரிய பெட்டியில் தனி லித்தியம் பேட்டரியை ஏற்ற விடமாட்டார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். விமானம் உயரே போகும்போது கேபினுக்குள் காற்றழுத்தம் குறைகிறது. அதிகபட்சமாக 8,000 அடி உயர மலையில் நிற்பதுபோன்ற அழுத்தத்துக்கு வரும். அப்போது பம்பின் குழாயிலும் குப்பியிலும் இருக்கும் காற்றுக் குமிழ்கள் பெருத்து, கொஞ்சம் இன்சுலினைக் கூடுதலாக உள்ளே தள்ளிவிடும். இறங்கும்போது அழுத்தம் கூடிக் குமிழ்கள் சுருங்க, சேர வேண்டியது கொஞ்சம் குறையும். பெரியவர்களுக்கு இது அவ்வளவாகத் தெரியாமல் போகலாம். குறைந்த யூனிட் (இன்சுலினை அளக்கும் அலகு) போட்டாலே சர்க்கரை இறங்கிவிடும் சிறுவர்களுக்கு இது பெரிய விஷயம். கிளம்பும் முன் குழாயில் குமிழ் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் பம்பைக் கழற்றி வைத்து, குமிழை வெளியேற்றிவிட்டு மாட்டும் முறை உங்கள் பையனுக்குப் பொருந்துமா என்று அவனுடைய டாக்டரிடம் கேளுங்கள். ஏறியதிலிருந்து முதல் ஒரு மணி நேரம் எண்ணின் மேல் ஒரு கண் இருக்கட்டும். பம்ப் பழுதானால் போட்டுக்கொள்ள, பேனாவும் ஊசியும் பையில் கட்டாயம் வேண்டும்.

கேள்வி: நேரம் மாறும் நாட்டுக்குப் போனால் இரவு ஊசியை எந்த மணிக்குப் போடுவது? வீட்டு மணிக்கா, அந்த ஊர் மணிக்கா? – ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: எனக்கு வரும் பயணக் கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான் ஐயா. மனதில் வைக்க வேண்டியது ஒன்று: கிழக்கே பறந்தால் உங்கள் நாள் சுருங்கும், மேற்கே பறந்தால் நீளும்.

இரவு 10 மணிக்கு நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை ஒரு வேளை போடுகிறீர்கள் என்று வையுங்கள். 6 மணி நேரம் முந்திப்போகும் கிழக்கு நாட்டுக்குப் போகிறீர்கள். அங்கே இரவு 10 ஆகும்போது உங்கள் வீட்டில் மாலை 4 மணி. நேற்று இரவு 10க்குப் போட்ட ஊசிக்கு அப்போது 18 மணி நேரம்தான் ஆகியிருக்கும். முந்தைய மருந்து இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்போதே முழு அளவையும் போட்டால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும். நடு இரவில் சர்க்கரை தாழலாம். மேற்கே அதே 6 மணி நேரம் போனால், அங்கே இரவு 10 ஆகும்போது முந்தைய ஊசிக்கு 30 மணி நேரம் ஆகியிருக்கும். நடுவில் 6 மணி நேரம் மருந்து தீர்ந்து சர்க்கரை ஏறும்.

இதைச் சரிசெய்ய டாக்டர்கள் பல வழி சொல்வார்கள். கிழக்கே போகும் அன்று அளவைக் குறைப்பது, மேற்கே போகும் அன்று நடுவில் ஒரு சின்ன அளவு சேர்ப்பது, அல்லது வீட்டு மணியிலேயே போட்டுக்கொண்டு ஒவ்வொரு நாளும் ஓரிரு மணி நேரம் நகர்த்திப் புது ஊர் மணிக்கு வருவது. சில புது வகை நீண்டகால இன்சுலினில் நேரத்தை முன்பின் நகர்த்த அதிக இடம் உண்டு. எந்த வழி என்பது உங்கள் மருந்தையும் அளவையும் பொறுத்தது, அதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். டிக்கெட்டை எடுத்துக்கொண்டு போங்கள். கிளம்பும் நேரம், இறங்கும் நேரம், இடையில் நிற்கும் நேரம் மூன்றையும் காட்டி, “எந்த மணிக்கு எத்தனை யூனிட்” என்று தாளில் எழுதி வாங்குங்கள். வாயால் கேட்டுக்கொண்டு வந்தது விமானத்தில் தூக்கக் கலக்கத்தில் மறந்துவிடும். கைக்கடிகாரத்தை இறங்கும் வரை வீட்டு நேரத்திலேயே விட்டுவையுங்கள். ஊசிக்கு ஊசி எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று எண்ண அது உதவும்.

ஓரிரு மணி நேர வித்தியாசம் மட்டும் என்றால் பெரும்பாலும் எதுவும் மாற்ற வேண்டியிருக்காது. சாப்பாட்டுக்கு முன் போடும் வேக இன்சுலினும் கடிகாரத்தைப் பார்த்தது இல்லை, சாப்பாட்டைப் பார்த்தது.

கேள்வி: விமானத்தில் ஊசி எங்கே போடுவது? கழிவறையிலா, இருக்கையிலேயேவா? போட்ட ஊசியை என்ன செய்வது?

பதில்: இருக்கையிலேயே போடலாம், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கழிவறை குறுகலானது, விமானம் குலுங்கும், பேனாவை வைக்கச் சுத்தமான இடமும் இருக்காது. எனக்கு இருக்கைதான் வசதி. சட்டையின் கீழ்ப் பொத்தான் ஒன்றைத் திறந்தால் வயிற்றில் போட்டுக்கொள்ளலாம். பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிப்பாரோ என்று தோன்றினால் “இன்சுலின் போட்டுக்கொள்கிறேன்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அவராகத் திரும்பிக்கொள்வார்.

வேக இன்சுலினைச் சாப்பாட்டு ட்ரே உங்கள் முன்னால் வந்து வைக்கப்பட்ட பிறகே போடுங்கள். சாப்பாட்டு வண்டியின் சத்தம் கேட்டதும் போட்டுவிடாதீர்கள். திடீரென்று குலுங்க ஆரம்பித்தால் வண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள், சாப்பாடு எப்போது வரும் என்று தெரியாது. போட்ட இன்சுலினைத் திரும்ப எடுக்க முடியாது.

பேனாவில் ஊசியை மாட்டியபடியே வைத்திருக்கக் கூடாது என்று தரையிலேயே சொல்கிறோம், விமானத்தில் அது இன்னும் முக்கியம். அழுத்தம் மாறும்போது ஊசி வழியாக மருந்து கசியும், காற்று உள்ளே போகும். போடும் நேரத்தில் புது ஊசி மாட்டுங்கள். மேல்நோக்கிப் பிடித்து, விரலால் தட்டி, 2 யூனிட் வெளியே விட்டுப் பாருங்கள். முனையில் துளி தெரிந்த பிறகு உங்கள் அளவைத் திருகுங்கள். ஊசியை உள்ளே செலுத்தி அழுத்தியபின் பத்து எண்ணும் வரை அப்படியே பிடியுங்கள். குப்பியிலிருந்து சிரிஞ்சில் எடுப்பவர்கள், வழக்கமாக உள்ளே தள்ளும் காற்றைக் குறைத்துத் தள்ளுங்கள். கேபினில் அழுத்தம் குறைவு என்பதால் குப்பிக்குள் ஏற்கெனவே அழுத்தம் கூடுதலாக இருக்கும்.

போட்ட ஊசியை முன் இருக்கைப் பையிலோ சாப்பாட்டு ட்ரேயிலோ ஒருபோதும் போடாதீர்கள். நாம் இறங்கிய பிறகு அந்தப் பையில் கை விட்டுச் சுத்தம் செய்கிறவர் ஒருவர் இருக்கிறார். யாருடைய ஊசி, என்ன நோய் என்று தெரியாமல் விரலில் குத்திக்கொண்டவர் அதற்குப் பிறகு எத்தனை நாள் பரிசோதனையும் பயமுமாக இருக்க வேண்டும் என்று நினைத்துப்பாருங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாகவே பேசுவேன். கெட்டியான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று கையோடு இருக்கட்டும், அதில் போட்டு மூடுங்கள். சில விமானங்களில் ஊசி போடும் பெட்டி வைத்திருப்பார்கள், பணியாளரிடம் கேட்டால் சொல்வார்கள். ஆனால் போட்ட ஊசியை நேராக அவர் கையில் கொடுக்காதீர்கள்.

கேள்வி: டிக்கெட் எடுக்கும்போது ‘டயபெட்டிக் மீல்’ என்று கேட்டு வாங்கலாமா?

பதில்: கேட்டால் கிடைக்கும், முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஆனால் இன்சுலின் போடுகிறவர்களுக்கு நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை. அதில் மாவுச்சத்து சில சமயம் மிகக் குறைவாக இருக்கும், வழக்கமான அளவு இன்சுலின் போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். சாதாரணச் சாப்பாட்டை வாங்கி, இனிப்பை ஒதுக்கி, தட்டில் இருப்பதைப் பார்த்து அளவு முடிவு செய்வது மேல். பிஸ்கட் பொட்டலம் ஒன்று எப்படியும் உங்கள் பையில் இருக்க வேண்டும். விமானம் தாமதமானால் சாப்பாடும் தாமதம்.

கேள்வி: எனக்கு மாத்திரை மட்டும்தான். நான் எதையும் செய்ய வேண்டியதில்லையே?

பதில்: மாத்திரையும் கைப்பையில்தான். இன்சுலின் சுரப்பைத் தூண்டும் வகை மாத்திரைகளால், குறிப்பாக சல்ஃபோனைல்யூரியா என்ற வகையால், சர்க்கரை தாழலாம். உங்களுடையது அந்த வகையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நடுங்கி வியர்த்தால் உடனே சர்க்கரையைப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை, இன்னும் ஏறவில்லை என்றால் இன்னொரு 15 கிராம். மற்றபடி தண்ணீர் குடியுங்கள், கேபின் காற்று மிகவும் வறண்டது. நீண்ட பயணத்தில் எழுந்து நடங்கள். இறுக்கமில்லாத காலணி போடுங்கள், உட்கார்ந்தே இருந்தால் பாதம் வீங்கும். உணர்ச்சி குறைந்த பாதத்தில் காலணி கடித்தாலும் தெரியாது, இறங்கியதும் காலணியைக் கழற்றிப் பாதத்தைப் பாருங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் இன்சுலின் தீர்ந்துவிட்டால் அங்கேயே கடையில் வாங்கிக்கொள்ளலாமா? – மூன்று மாதம் தங்கப்போகும் வாசகி

பதில்: பல நாடுகளில் அங்குள்ள டாக்டரின் சீட்டு இல்லாமல் கொடுக்கமாட்டார்கள். கிடைத்தாலும் ஒன்றைப் பார்க்காமல் வாங்காதீர்கள். குப்பியின் மேல் யூ-40, யூ-100 என்று எழுதியிருக்கும். ஒரு மில்லியில் எத்தனை யூனிட் இருக்கிறது என்பது அது. பேனா மருந்துகள் பெரும்பாலும் யூ-100. குப்பியில் இந்த இரண்டு வகையும் உண்டு, பல நாடுகளில் யூ-40 குப்பி புழக்கத்திலேயே இல்லை. யூ-40க்கான சிரிஞ்சில் யூ-100 மருந்தை 20ஆம் கோடு வரை இழுத்தால் உங்கள் உடம்புக்குள் போவது 20 யூனிட் இல்லை, 50 யூனிட். இரண்டரை மடங்கு. உயிருக்கே ஆபத்து. மருந்து எதுவோ, சிரிஞ்சும் அதற்குரியதாக இருக்க வேண்டும். சிரிஞ்சின் மூடி நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், மேலே எழுதியிருப்பதைப் படியுங்கள்.

சர்க்கரை அளவும் சில நாடுகளில் வேறு கணக்கில் சொல்வார்கள். அங்கே டாக்டர் “10” என்றால் பதறாதீர்கள், அதை 18ஆல் பெருக்கினால் நமக்குப் பழக்கமான 180 வரும்.

கேள்வி: என் மகளுக்கு முதல் வகைச் சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறாள். விமானி ஆக வேண்டும் என்கிறாள். அந்த ஆசையை வளர விடலாமா? – ஒரு தாய்

பதில்: வளர விடுங்கள். ஒரு காலத்தில் இன்சுலின் போடுகிறவருக்கு விமானி அறையின் கதவு மூடியே இருந்தது. பிரிட்டனின் விமானத்துறை 2012இல், கடுமையான நிபந்தனைகளோடு, இன்சுலின் போடுகிறவர்களும் வணிக விமானம் ஓட்ட வழி திறந்தது. அமெரிக்கா 2019இல் அதைச் செய்தது. பறப்பதற்கு முன்னும் பறக்கும்போதும் குறித்த நேரத்தில் சர்க்கரையைப் பார்த்து, அது எல்லைக்குள் இருக்கிறது என்று காட்ட வேண்டும். எல்லா நாடும் இன்னும் அனுமதிக்கவில்லை. அதனால் எந்த நாட்டில் படித்து எந்த நாட்டில் உரிமம் வாங்குவது என்பதைப் பயிற்சிப் பள்ளிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே, அந்த நாட்டு விமானத்துறையின் மருத்துவப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவளுடைய சர்க்கரைப் பதிவுகளையும் இப்போதிருந்தே தேதிவாரியாக எடுத்து வையுங்கள், கேட்பார்கள்.